மாத்திரை குறைந்த நாள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை குளிக்கும்போது என் வயிற்றில் ஒரு கொப்புளத்தைப் பார்த்தேன். கொசுக்கடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு வயதில் நான் சொன்ன பொய்களை உடனே நம்பிய ஒரே ஆள் நான்தான்.

அன்று மதியம் மாமா சாப்பிட வருவதாக இருந்தது. அம்மாவின் தம்பி. அம்மா தன் சிறுநீரகம் ஒன்றை அவருக்குக் கொடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் யாராவது தும்மினால்கூட அவர் வருகை ரத்து. அவர் வரும் நாள்களில் அம்மா என் நெற்றியைத் தொட்டு, தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார். நல்லவேளை, வயிற்றைப் பார்க்கும் வழக்கம் இல்லை.

ஏன் இத்தனை கெடுபிடி என்று ஒருமுறை கேட்டேன். "எது தன்னோடது, எது வெளியாள்னு நம்ம ஒடம்புக்கு நல்லாத் தெரியும். என் கிட்னிய மாமா ஒடம்பு வெளியாள்னு நெனச்சு தொரத்தப் பாக்கும். அதான் மாத்திரை குடுத்து அடக்கி வச்சிருக்காங்க," என்றார் அம்மா. நிஜமான வெளியாள் வந்தால் யார் துரத்துவது என்று நான் கேட்கவில்லை.

மாமா வந்தார். அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, தட்டிலிருந்த அப்பளத்தைப் பிடுங்கித் தின்றேன். மறுநாள் காலை என் முதுகெல்லாம் கொப்புளம்.

அப்பா தேக்கா சந்தைக்கு ஓடிப்போய் வேப்பிலை வாங்கிவந்து வாசல் கம்பிக் கதவில் செருகினார். ஆத்தா வந்திருக்கிறாள், நோயின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். அம்மாவும் அதுவரை அதை மீறியதில்லை. ஆனால் இப்போது அவர் கையில் போன் இருந்தது.

"பேரச் சொல்லாத. சாமி குத்தம் ஆயிடும்," என்றார் அப்பா.

"சிக்கன் பாக்ஸ்," என்று மருத்துவமனைத் தாதியிடம் அம்மா உரக்கச் சொன்னார். "என் மகளுக்கு. நேத்து என் தம்பி அவகூடத்தான் இருந்தான்."

அப்பா சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா என் பக்கம் திரும்பி, "இது எப்ப வந்துச்சு?" என்றார். இன்றைக்குத்தான் என்றேன். அந்தப் பதிலை இன்றுவரை நான் திருத்தவில்லை.

மாமாவுக்கு அதற்குமுன் அம்மை போட்டதே இல்லை. மற்றவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புச் சக்தியை அவருக்கு ஊசியில் ஏற்றினார்கள். என் கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன். மூன்றாவது வாரம் மாமாவுக்குக் காய்ச்சல் வந்து, மருத்துவமனையில் சேர்த்தார்கள். அம்மை நுரையீரல் வரை போய்விட்டது என்று அப்பா யாரிடமோ தணிந்த குரலில் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து மாமாவே அழைத்தார். இந்த முறை ஓடாமல் நான் எடுத்தேன்.

"எப்படி இருக்கீங்க மாமா?"

"இருக்கேன் கண்ணு. அம்மாகிட்ட சொல்லு, டாக்டர் அந்த கிட்னி மாத்திரைய பாதியா குறைச்சிட்டாங்க லா."

மாத்திரை குறைந்தால் நோய் குறைகிறது என்றுதானே அர்த்தம்? மூன்று வாரத்துப் பயமும் ஒரே மூச்சில் கழன்றது. சமையலறைக்கு ஓடிக் குதித்துக் குதித்துச் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

மாமா பிழைத்தார், சிறுநீரகமும் தங்கியது. ஆனால் அன்று அது யாருக்கும் தெரியாது. மாத்திரையால் அடக்கி வைத்த எதிர்ப்புச் சக்தியை எழுப்பினால்தான் தம்பி பிழைப்பான். எழுந்ததும் அது அக்காவின் சிறுநீரகத்தின்மேல் பாயலாம். இதெல்லாம் எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று. இவ்வளவு நல்ல சேதி கொண்டுவந்தும் அம்மா ஒரு முறைகூடச் சிரிக்கவில்லையே என்று அன்று முழுவதும் நான் அவரோடு பேசாமல் இருந்தேன்.