எல்லாரிடமும் லேப்டாப் இருந்தது

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தனியார் பல்கலைக்கழகத்தில் நான் வேளாண்மை படித்தேன். படித்தேன் என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது.

எங்களுக்கு அறிவு நூலகத்திலிருந்து வரவில்லை. யாரோ ஒரு சீனியர் எழுதிய நோட்டு, பல்கலைக்கழக கேட்டுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் நகலெடுக்கப்பட்டு, நகலுக்கு நகலாகி, கடைசியில் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். நெல் குலைநோய் இருந்த பக்கத்தில் எந்தக் காலத்திலோ யாரோ டீயைக் கொட்டியிருக்கிறார்கள். கறையும் சேர்ந்தே வந்தது. நான் அதை நோயின் அறிகுறி என்று நம்பி, பரீட்சையில் கவனமாக வரைந்து, அம்புக்குறி போட்டு 'முதிர்ந்த புள்ளி' என்று பெயரும் எழுதினேன். முழு மார்க். திருத்தியவரும் அந்த நோட்டில்தான் படித்திருக்க வேண்டும்.

நூலகத்தை நூலகமாகப் பயன்படுத்தியவன் எங்கள் வகுப்பில் ஒருவன்தான். கிள்ளையிலிருந்து பஸ்ஸில் வருவான். அரசுப் பள்ளியில் படித்தவன். அவன் பள்ளியை முடித்த வருடம் அரசின் இலவச லேப்டாப் வரவில்லை. வீட்டில் நாலு பேருக்கு ஒரு போன், அதிலும் திரையில் குறுக்கே கீறல். எம்.எஸ்சி.க்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதி, உதவித்தொகையோடு இடம் வாங்க வேண்டும். இல்லையென்றால் படிப்பு இதோடு சரி என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். தேர்வு கம்ப்யூட்டரில். நூலகத்தின் கம்ப்யூட்டர் அறையில் ஆறு இருந்தன, மவுஸ் வேலை செய்தது இரண்டுக்கு. அதில் ஒன்றில் தினமும் சாயங்காலம் மாதிரித் தேர்வு எழுதுவான். கிள்ளை பஸ்ஸுக்கு நேரமாகும்போதுதான் எழுந்திருப்பான்.

மூன்றாம் வருடம், நூலகவியலில் ஆராய்ச்சி செய்த ஓர் அக்கா அறுபது படிவங்களோடு வந்தார். வேளாண் மாணவர்கள் தகவல்களை எங்கே தேடுகிறார்கள், எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கேள்விகள். நான் வகுப்புப் பிரதிநிதி. வேறு யாரும் நிற்காததால் வென்றவன்.

"தம்பி, நாலு மணிக்குள்ள எல்லார்கிட்டயும் வாங்கிக் குடுத்துடுங்க" என்றார்.

அன்றைக்கு ஆனித் தேர். வகுப்பே தேர் பார்க்கக் கீழவீதிக்குப் போய்விட்டது. கிள்ளைக்காரனும்தான், அவன் வகுப்புக்கு மட்டம் போட்டது அந்த ஒரு நாள் என்று நினைக்கிறேன். நான் கேன்டீனில் உட்கார்ந்து அறுபதையும் நானே நிரப்பினேன். சந்தேகம் வரக்கூடாதே என்று நீலம், கறுப்பு, வயலட் என்று மூன்று பேனா. பத்துப் படிவங்களை இடது கையால் எழுதினேன். ஒருத்தனை வெளிநாட்டு ஆய்விதழ் வாசகனாக்கினேன். அவன் வாசித்ததெல்லாம் பரோட்டாக் கடை விலைப்பட்டியல்தான். 'உங்களிடம் சொந்தமாக லேப்டாப் உள்ளதா?' என்ற கேள்விக்கு மட்டும் யோசிக்கவில்லை. மேலிருந்து கீழே 'ஆம்', 'ஆம்' என்று போனேன். கை ஓட்டத்துக்கு அது வசதியாக இருந்தது.

அக்கா முடிவுகளைத் தொகுத்து, நன்றிக்கடனாக ஒரு பிரதியை நிர்வாகத்துக்குக் கொடுத்தார். வேலைவாய்ப்புப் பிரிவுக்கு அறை தேடிக்கொண்டிருந்தவர்கள் அதைப் படித்தார்கள். எழுதியதை நம்பிப் படித்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

கிள்ளைக்காரன் என் ஹாஸ்டலுக்கே வந்துவிட்டான்.

"மச்சான், லைப்ரரி சிஸ்டம் ரூம எடுத்துட்டாங்கடா."

"எதுக்குடா?"

"நம்ம எல்லார்கிட்டயும் லேப்டாப் இருக்குதாம். சர்வேல நாமளே சொல்லிட்டமாம். நான் அந்த ஃபார்ம கண்ணால கூட பாக்கலயேடா."

நான் சிரித்தேன். எனக்குப் பயம் வந்தால் சிரிப்பும் கூடவே வரும். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"என்னுது எந்த கலர் பேனாடா?"

"வயலட்டு."

அவன் கிள்ளை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான்.

மறுநாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று நூலகரிடம் போனேன். "என்னப்பா வேணும்?" என்றார். "களை மேலாண்மை இருக்குங்களா சார்?" என்றேன். நான்கு வருடத்தில் நான் நூலகத்திலிருந்து எடுத்த ஒரே புத்தகம் அது. அதையும் படிக்கவில்லை.

என் லேப்டாப்பைத் தருகிறேன் என்றேன். தரவும் செய்தேன், ஒன்பது நாள். பத்தாம் நாள் கிரிக்கெட் மேட்ச். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் குடு மச்சான்" என்று வாங்கினேன். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை, நானும் தரவில்லை. ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பழைய கேள்வித்தாள்களை வாங்கிப் படித்தான். இடம் கிடைக்கவில்லை. அறை இருந்திருந்தால் கிடைத்திருக்குமா என்று என்னை நானே கேட்டுக்கொள்வதுண்டு. கிடைத்திருக்காது என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. அதற்கு ஆதாரம் எந்த நூலகத்திலும் இல்லை.

இப்போது அவன் புவனகிரியில் ஓர் உரக்கடையில் இருக்கிறான். நான் கடலூரில், விவசாயிகளுக்கு போனில் ஆலோசனை சொல்லும் செயலி நடத்துகிற கம்பெனியில் களப்பணி. போன மாதம் கம்பெனி படிவங்கள் கொடுத்தது: விவசாயிகள் தகவல்களை எங்கே தேடுகிறார்கள்? ஆட்கள் வந்து போகும் இடமாயிற்றே என்று அவன் கடைக்கே போனேன். வெட்கம் ஜாஸ்தி இருந்தால் இந்த வேலையில் நீடிக்க முடியாது.

அவன் படிவத்தை வாங்கி முழுக்கப் படித்தான். திருப்பித் தந்தான். "அந்த ஸ்டூல்ல உக்காரு. வருவாங்க. கேட்டு எழுது" என்றான்.

ஒரு பெரியவர் வாடிய நெல் தூரைப் பையில் சுருட்டிக்கொண்டு வந்தார். அவன் அதை வெளிச்சத்தில் பிரித்து, வேரைப் பார்த்து, தண்ணீரை எத்தனை நாளாகக் கட்டி வைத்திருக்கிறார் என்று விசாரித்தான். மருந்து எதுவும் தரவில்லை. தண்ணீரை வடிக்கச் சொன்னான். நான் படிவத்தோடு அவர் பக்கம் திரும்பினேன்.

"ஐயா, உங்ககிட்ட ஸ்மார்ட்போன் இருக்குதுங்களா?"

"எல்லாம் இருக்குதுன்னு நீயே போட்டுக்கப்பா. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் மூட்டைக்குப் பின்னால் குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தான். வெகுநேரமாக எடுத்துக்கொண்டிருந்தான்.

"இல்லீங்க, நீங்க சொன்னாதான் எழுதுவேன்" என்றேன்.

பெரியவர் போய்விட்டார். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து நாலு படிவம் முடித்தேன். அவன் டீ வாங்கினான், கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தான். எனக்கு மட்டும் இல்லை.