ஸ்டெல்லா அக்கா எழுதாத கடைசிப் பக்கம்

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு படமாக வந்தது. பதிப்பகத்தின் வாட்ஸப் குழுவில் அவருடைய புகைப்படம். கீழே, அவருடைய ஒரே நாவலின் கடைசி வரி: “அம்மாவின் கால் தூசியில்தான் என் பெயரைக் கண்டெடுத்தேன்.” மாலைக்குள் அவரை அறிந்த உங்களில் பலரும் அதைப் பகிர்ந்திருந்தீர்கள். அந்த வரியை எழுதியவர் அவர் அல்ல. நான்.

அக்கா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் வேலை செய்துகொண்டே அந்த நாவலை எழுதினார். கதையைச் சொல்பவள் ஒரு சூப்பர்வைசர். காலனியில் பிறந்து, சாதியை மறைத்து வேலூர்ப் பக்கம் பாகாயத்தில் வாடகைக்கு இருப்பவள். தன் தெருப் பெண்களையே மேலதிகாரியிடம் போட்டுக்கொடுப்பவள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஆனால் ஒரே மூச்சில் படித்தேன். பதிப்பாளர், “இவளுக்காக வாசகன் எப்படி அழுவான்? கடைசியிலயாவது திருந்தட்டும். பேசிப் பாருங்க” என்றார். பதிப்பகத்தில் பிரதியைச் செம்மை செய்வது என் வேலை.

அதைப் பேச அக்கா கணியம்பாடியில் எங்கள் வீட்டுக்கே வந்தார். நாங்கள் டம்ளரில் குடிக்க, அம்மா அவருக்கு மட்டும் பேப்பர் கப்பில் காபி கொடுத்தாள்.

“இன்னா பாப்பா, எனக்கு மட்டும் கல்யாண வீட்டு கப்பா?” என்றார் அக்கா.

அம்மா உள்ளே போய்விட்டாள். நான் அதை நகைச்சுவை போலச் சிரித்து வைத்தேன். சிரித்த வாயோடு, அந்த சூப்பர்வைசர் மனம் திருந்த வேண்டும் என்றும் கேட்டேன்.

“உங்க ஆளுங்க கதையில குடிகாரன், பொறுக்கி எல்லாம் கதை சொல்லலாம். எங்க ஆளு மட்டும் ஒழுக்கமா அழணுமா?”

“அப்படியில்லக்கா, அவங்க...”

“புத்தகம் வராதுன்றாரா?”

தலையசைத்தேன். காபியை முழுவதும் குடித்துவிட்டுச் சொன்னார்: “கீறல் விழுந்த தோல மெஷின்ல தேய்ச்சு, மேல புதுசா வரி பதிச்சு விப்பாங்க. பாக்க ஜோரா இருக்கும். நீயே பதிச்சுடு. என் கை வராது.”

அக்காவின் கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டு, ஒரு மதியத்தில் வேறொன்றை எழுதி முடித்தேன். அந்த சூப்பர்வைசர் ஓடிப்போய்த் தன் தாயின் காலில் விழுகிறாள். அக்கா படித்துவிட்டு, “யாரு இவ? எனக்குப் பழக்கமில்லையே” என்றார். அச்சுக்குப் போகவும் சம்மதித்தார். அது சம்மதம்தான் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கூட்டங்களில் எல்லோரும் அந்தப் பக்கத்தைத்தான் புகழ்ந்தார்கள். வேலூரில் ஒரு பேராசிரியர் அதை மேடையில் வாசித்துக் கண் கலங்கினார். பக்கத்தில் இருந்த அக்கா என் விலாவில் இடித்தார். “எழுந்து போ. உன்னத்தான் பாராட்டறாங்க.” நான் போகவில்லை.

இப்போது நினைவுப் பதிப்பு வருகிறது. அட்டையிலேயே அந்த வரி. அக்காவின் பக்கத்தைத் திரும்பச் சேர்க்கக் கேட்டேன். “இனிமே அந்த வரிதாம்மா அவங்க” என்றார் பதிப்பாளர். அக்கா உயிரோடு இருக்கும்போதே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் என் பெயர் வெளியே வந்திருக்கும். இந்தக் கட்டுரை வெளியான பிறகு அங்கே எனக்கு வேலை இருக்குமா என்று தெரியவில்லை.

அவருடைய நோட்டின் கடைசித் தாள் மட்டும் என்னிடம் இருக்கிறது. பேனா அழுந்தி, மறுபுறமும் தடம் தெரிகிறது. உங்களிடம் உள்ள புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, இதை வைத்துக்கொள்ளுங்கள்:

“கேட்டில் அம்மா சாப்பாட்டுக் கேரியரோடு நின்றாள். வாட்ச்மேன், ‘யாரு மேடம் இது?’ என்றான். ‘எங்க வீட்டுல வேல செஞ்சவங்க’ என்றேன். அம்மா என்னைப் பார்க்காமல் கேரியரை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கேன்டீனில் உட்கார்ந்து திறந்தேன். கருவாட்டுக் குழம்பு. நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் சோறு வைத்திருக்கலாம்.”