முப்பது வரை எண்ணுங்க, டீச்சர்

செய்தி வந்தபோது நான் பண்டார் தெங்காரா காலைச் சந்தையில் மீன் விலையைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் மாலா. குணாவின் மனைவி. எப்போதும் குணாவோடுதான் பேசுவேன். மாலா தனியாக என்னை அழைத்ததே இல்லை. "டீச்சர், அவரு காலைல போயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு, அவ்ளோதான்" என்றார். காசைக் கொடுத்துவிட்டு மீனை அங்கேயே விட்டு வந்திருக்கிறேன். மறுநாள் மீன்காரர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

நம் பள்ளியில் வேலை பார்த்த உங்களுக்கு குணசேகரனை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அலுவலகத்தில் கடிதமும் கோப்பும் பார்த்த கிராணி. பெரிய உடம்பு, சின்னக் குரல். கணினி பழுது பார்ப்பது அவர் வேலையே இல்லை. ஆனாலும் யாருடைய லேப்டாப் படுத்தாலும் அது அவர் மேசைக்குத்தான் போகும். "முதல்ல சுவரப் பாருங்க, அப்புறம் ஒயரப் பாருங்க, கடைசியா மெஷினத் திட்டுங்க" என்பார். நான் எப்போதும் மூன்றாவதிலிருந்துதான் தொடங்குவேன். என் கோபம் உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கேள்வித்தாள் விவகாரம் சிலருக்கு நினைவிருக்கலாம். அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நாளில் என் லேப்டாப் உயிரில்லாமல் கிடந்தது. ஆசிரியர் அறையில் நின்று கத்தினேன். பள்ளிக்கு மட்டமான பொருளை வாங்கிப் போட்டிருக்கிறார்கள் என்று தலைமையாசிரியையின் முகத்துக்கு நேரே சொன்னேன். குணா வந்தார். மேசைக்கு அடியில் குனிந்தார். நிமிர்ந்தபோது சார்ஜர் விளக்கு எரிந்தது. "ஒயர் கொஞ்சம் லூசு" என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒயர் லூசு இல்லை. முந்தின நாள் மதியம் இடி இடித்தது. நம் ஜொகூர் இடிக்குப் பயந்து எல்லாரும் செய்வதுபோல நானும் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தேன். பிறகு அதை மறந்துவிட்டு மாலை முழுவதும் லேப்டாப்பில் தட்டச்சு செய்திருக்கிறேன். பேட்டரி தீர்ந்து போயிருந்தது. அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர் ஓய்வு பெறும்வரை அதை யாரிடமும் சொல்லவில்லை. இன்று நானே சொல்லிவிட்டேன்.

ஓய்வுக்குப் பிறகு அவர் பொந்தியானில் உள்ள தம் வீட்டுக்குப் போனார். நான் இங்கேயே இருந்தேன். என் கணவர் காலமானார். மகள் சிங்கப்பூரில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். வீட்டில் பேச ஆள் இல்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது: தனிமை என்னைத் தின்றது. அந்த நேரத்தில் ஒரு நாள் லேப்டாப் உண்மையாகவே ஆன் ஆகவில்லை. குணாவுக்குப் போன் செய்தேன்.

"சுவர் சுவிட்ச் பாத்திங்களா, டீச்சர்?"

"பாத்தாச்சு. முதல்லயே பாத்தாச்சு."

"அலமாக், தேறிட்டிங்க லா! சரி, சார்ஜரக் கழட்டுங்க. மவுஸக் கழட்டுங்க. இப்ப பவர் பட்டன அமுக்கிப் புடிங்க, விட்றாதிங்க. உள்ள மிச்சம் இருக்கிற கரண்டு போகணும். முப்பது வரைக்கும் எண்ணணும். நானும் எண்றேன்."

எண்ணத் தொடங்கினார். இப்படி எண்ணுகிறவரை நான் பார்த்ததில்லை. "பதினொண்ணு, பன்னெண்டு... சாப்டிங்களா? பதிமூணு... என்ன கொழம்பு? பதினாலு..." முப்பதை எட்ட இரண்டு நிமிடம் ஆனது. பிறகு சார்ஜரை மாட்டச் சொன்னார். பட்டனை அமுக்கினேன். திரை வெளிச்சமாகி, அந்தத் தொடக்க இசை ஒலித்தது.

"ஆச்சா, டீச்சர்?"

ஆச்சு என்று சொன்னால் போனை வைத்துவிடுவார். "இல்ல குணா, இன்னும் ஆகல" என்றேன்.

"பரவால்ல. மறுபடியும் எண்ணுவோம். ஒண்ணு..."

அன்று தொடங்கிய பொய் இரண்டு வருடம் நடந்தது. வாரம் ஒரு முறை, சில வாரம் இரு முறை, நன்றாக ஓடும் லேப்டாப்பை மேசையில் வைத்துக்கொண்டு ஆன் ஆகவில்லை என்பேன். அவர் எண்ணுவார். நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா, மகள் பேசினாளா, எல்லாம் அந்த முப்பதுக்குள் வந்துவிடும். பாடம் சொல்லிக் கொடுத்தவள், ஒரு நல்ல மனிதரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். நான் சொல்வதற்குள் அவர் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பொந்தியான் போனேன். எல்லாரும் சாப்பிட்டுப் புறப்பட்ட பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மாலாவின் பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். என் லேப்டாப்புக்கு ஒன்றும் இல்லை, உங்கள் கணவரின் நேரத்தைப் பொய் சொல்லி வாங்கினேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். மாலா குழாயை மூடினார்.

"அவருக்குத் தெரியும் லா, டீச்சர். மொத நாளே தெரியும். அந்த மியூசிக் சத்தம் போன்ல கேட்டுச்சாம். 'டீச்சர் வீட்ல மெஷின் ஆன் ஆயிருச்சு மாலா, ஆனா ஆகலங்கிறாங்க. சரின்னு இன்னொரு தடவ எண்ணிட்டேன்'னு என்கிட்ட சொன்னாரு. உங்க போன் வந்தா டிவிய மூடிட்டு நாற்காலிய இழுத்துப் போட்டுக்குவாரு."

நான் அழுதேன். கழுவின தட்டைத் துடைக்கச் சொல்லி மாலா என் கையில் ஒரு துணியைக் கொடுத்தார். இரண்டு பேரும் எல்லாத் தட்டுகளையும் துடைத்து முடித்தோம்.

இன்று இதை எழுத உட்கார்ந்தேன். லேப்டாப் ஆன் ஆகவில்லை. இந்த முறை பொய் இல்லை. சுவரைப் பார்த்தேன், ஒயரைப் பார்த்தேன், மெஷினைத் திட்டவில்லை. சார்ஜரைக் கழற்றினேன், மவுஸைக் கழற்றினேன், பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு எண்ணினேன். பன்னிரண்டு வந்ததும் நிறுத்தினேன். சாப்டிங்களா என்று யாரும் கேட்கவில்லை. "சாப்ட்டேன், ரசம்தான்" என்று சொல்லிவிட்டுப் பதின்மூன்றுக்குப் போனேன். குணாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இந்த முப்பது மட்டும்தான்.

முப்பது ஆனதும் சார்ஜரை மாட்டி அமுக்கினேன். திரை வெளிச்சமானது. அந்த இசை வீடு முழுக்கக் கேட்டது.

"இல்ல குணா, இன்னும் ஆகல" என்றேன். பிறகு ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.