சீசன் காய்ச்சல்

தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதங்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். சுற்றிலும் வெடிக் கம்பெனிகள். ஆர்டர் குவிகிற சீசன். அந்தச் சமயத்தில் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாகக் கிடக்கும். வீட்டில் கேட்டால் காய்ச்சல் என்பார்கள். பிள்ளை எங்கேயாவது குழாய் உருட்டிக்கொண்டோ திரி செருகிக்கொண்டோ இருக்கும். பள்ளிக்கூடத்தில் இதற்கு சீசன் காய்ச்சல் என்று பெயரே வைத்துவிட்டார்கள். மழை தொடங்கி, நிஜமான சளிக் காய்ச்சலும் அதே மாதங்களில்தான் வீடு வீடாக ஏறி இறங்கும் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மதுரையில் ஒரு பிள்ளை தும்மினால் அது தும்மல். எங்கள் தாயில்பட்டிப் பக்கம் தும்மினால் அதற்குச் சாட்சி வேண்டும். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம், காலாண்டுப் பரீட்சை நேரத்தில் அந்த நிஜக் காய்ச்சல் எனக்கு வந்தது. கணக்குப் பரீட்சை அன்று காலையில் எழுந்து நிற்கப் போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மா என்னைப் பாயில் படுக்க வைத்துவிட்டுக் கம்பெனி வேனுக்கு ஓடினாள். அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். போகும்போது வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "இந்தத் தடவ எதுலயாவது பெயிலாச்சுன்னா நிப்பாட்டிருவோம். அவ அம்மா கூடவே வேன்ல ஏறட்டும்." அப்பா கெட்டவர் இல்லை. தெருவில் என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண்கள் எல்லாம் வேனில் ஏறிவிட்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் கணக்கு டீச்சர் இந்த விஷயத்தில் ஒரு சட்டம் வைத்திருந்தார். உண்மையிலேயே உடம்பு சரியில்லாத பிள்ளைக்குத் தனியாக வினாத்தாள் எழுதி, மறுபடி பரீட்சை வைப்பார். விட்டுப்போன பாடத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்த்திச் சொல்லிக்கொடுப்பார். சீசன் காய்ச்சல்காரர்களுக்கு முட்டைதான். எது எந்தக் காய்ச்சல் என்று அவரே ஸ்கூட்டியில் வீடு வீடாக வந்து பார்ப்பார். முதலில் கையைத்தான் பார்ப்பார். வெடிமருந்து தொட்ட கை காட்டிக்கொடுத்துவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அம்மா பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற ஷெட்டில் வேலை பார்த்தாள். வெளியூர்க்காரர்கள் புஸ்வாணம் என்பதைத்தான் நாங்கள் பூச்சட்டி என்போம். அந்த மருந்தில் சேர்கிற அலுமினியப் பொடி கைரேகைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டால் சோப்புக்கெல்லாம் அசையாது. வேனை விட்டு இறங்கியதும் அம்மா நேராக என்னிடம்தான் வருவாள். நெற்றியில் கை வைப்பாள், கழுத்தில் வைப்பாள், உள்ளங்கைகளைச் சூடு பறக்கத் தேய்த்துவிடுவாள். சனிக்கிழமைக்குள் சாமிக்கு வெள்ளிக் கவசம் சாத்தியதுபோல நான் மினுங்கிக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரியாது. காய்ச்சலில் கிடப்பவள் கண்ணாடியா பார்த்துக்கொண்டிருப்பாள்?

டீச்சர் வந்தது அந்தச் சனிக்கிழமை மதியம். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். சற்று முன்புதான் மாத்திரை போட்டு, வேர்த்துக் கொட்டி, உடம்பு குளிர்ந்திருந்தது. டீச்சர் குனிந்து என் நெற்றியைத் தொட்டார். சில்லென்று இருந்திருக்கும். தொட்ட விரலைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியில் வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தது. என் கையை இழுத்து விரித்துப் பார்த்தார். அங்கேயும் இருந்தது.

"அது எங்கம்மா கைல உள்ளது டீச்சர்" என்றேன்.

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "உனக்கு மறுபரீட்சை கிடையாது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவள் தன் கைகளை ஒருமுறை விரித்துப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். அம்மாவுக்குக் கோபம் வந்தால் அது முதலில் பாத்திரங்களுக்குத்தான் தெரியும். அன்றைக்கு எல்லாப் பாத்திரத்துக்கும் தெரிந்தது.

திங்கட்கிழமை விடிந்தபோது காய்ச்சல் மறுபடி ஏறியிருந்தது. மாத்திரைக்குக் கையை நீட்டினேன். அம்மா அட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இப்பப் போடாத. சூடு எறங்கிரும். அந்த டீச்சர் தொட்டுப் பாத்த பெறகு போட்டுக்கிரலாம்."

வேன் வந்து ஹாரன் அடித்தது. சீசன் நேரத்தில் லீவு போட்டால் போர்மேன் என்னவெல்லாம் பேசுவார் என்பது தெருவுக்கே தெரியும். அம்மா வாசலில் நின்று, "இன்னைக்கு நான் வரல. எம்பிள்ளைக்குக் காய்ச்சல்!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். வேனுக்குள் யாரோ சிரித்தார்கள்.

என்னைப் போர்வையால் சுற்றி நடத்திக் கூட்டிப் போனாள். அடுப்பிலிருந்து இறக்கிய குழம்பை ஆறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற அவசரம் அவள் நடையில் இருந்தது. எனக்குக் காது அடைத்தது, பல் தந்தியடித்தது, ஆனாலும் பெருமையாக இருந்தது. வழியில் காய்ச்சல் குறைந்துவிடுமோ என்பதுதான் ஒரே பயம். நடுவில் நின்று நானே என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

டீச்சர் ஆசிரியர் அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். அம்மா என்னை அவர் மேஜைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"உக்காருங்கம்மா, என்ன விஷயம்?" என்றார் டீச்சர்.

"உக்கார வரல. வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போனீகளாம்ல. எங்கையில உள்ள மருந்துதான் அவ மேல ஒட்டுச்சு. காய்ச்சல்ல கெடக்க பிள்ளைய நான் தொடாம வேற யாரு தொடுவா? இந்தா நிக்கிறா. தொட்டுப் பாருங்க. பொய்யின்னா சொல்லுங்க, இன்னைக்கே வேன்ல ஏத்தி விட்டுர்றேன்."

மற்ற ஆசிரியர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். டீச்சர் எழுந்து வந்தார். புறங்கையை என் நெற்றியில் வைத்தார், கழுத்தில் வைத்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. "கொதிக்குதே" என்றார். மறுபடியும், "நெஜமாவே கொதிக்குதேம்மா" என்றார். சொல்லும்போது சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

தோற்றுவிட்டார் என்று நினைத்தேன். அத்தனை பேர் முன்னால் தோற்றால் யாருக்கும் அழுகைதானே வரும்? எனக்குச் சந்தோஷம் தாங்க முடியவில்லை.

அடுத்த நிமிடமே அவர் பழையபடி டீச்சராகிவிட்டார். இந்த நிலையில் பிள்ளையை நடத்திக் கூட்டி வந்ததற்கும், பள்ளிக்கூடம் முழுக்கக் காய்ச்சலைப் பரப்பப் பார்த்ததற்கும் சேர்த்து அம்மாவை ஒரு பிடி பிடித்தார். மாத்திரை எங்கே என்று கேட்டார். அம்மா இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். என்னை வராந்தா பெஞ்சில் படுக்கச் சொல்லிவிட்டு அவர்கள் இருவரும் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா வெளியே வந்தபோது காலையில் பார்த்த சண்டைக்காரி முகம் இல்லை.

"நல்லா நாலு கேள்வி கேட்டியாம்மா?" என்றேன்.

"வாய மூடிட்டு நட" என்றாள்.

அந்த வாரமே டீச்சரும் காய்ச்சலில் படுத்துவிட்டார். அது சீசன் காய்ச்சல்தான், கையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும் என்று வகுப்பில் முதலில் கிளப்பிவிட்டவள் நான். திரும்பி வந்தவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மதியம் மதியமாக எனக்குப் பாடம் நடத்தினார். தனி வினாத்தாள் கொடுத்தார். நன்றாகவே எழுதி, நல்ல மதிப்பெண் வாங்கினேன். லோடு இறக்கிவிட்டு வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார். வேன் பேச்சு அதோடு போயிற்று. இந்த வெற்றியைக் கல்லூரி வரைக்கும் போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒவ்வொரு தடவையும் டீச்சர் கொஞ்சம் அதிகமாகத் தோற்பார்.

படிப்பு முடித்து வந்த வருடம் ஒரு நாள் அதை மறுபடி சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா, "போதும் நிப்பாட்டு" என்றாள். பிறகு சொன்னாள். டீச்சர் அதற்கு முன்பு வேலை பார்த்த ஊரில் ஒரு தாய் வந்து, மகளுக்குக் காய்ச்சல் என்றாளாம். டீச்சர் நம்பினார். நன்றாக ஓய்வெடுக்கட்டும், பரீட்சையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார். அடுத்த நாள் ஒரு ஷெட் வெடித்தது. அந்தப் பிள்ளை அதற்குள் இருந்தாள்.

"ஒன்ன வெளிய அனுப்பிட்டு எங்கையப் பிடிச்சுக்கிட்டு அளுதாக" என்றாள் அம்மா. "காய்ச்சல்தாம்மா, வெறும் காய்ச்சல்தாம்மான்னு சொல்லிச் சொல்லி அளுதாக."

என் கோபம் இன்னும் தீரவில்லை. ஒரு பிள்ளையின் காய்ச்சலை நம்புவதற்கு ஒரு டீச்சரை இவ்வளவு பயப்பட வைத்தவர்கள் யாரோ, அவர்கள் மேல் அது பத்திரமாக இருக்கிறது. ஆனால் எனக்கு உடம்பு கொதிக்கிறது என்பதற்காக ஒருவர் சந்தோஷத்தில் அழுவார் என்று, அந்த மேஜைக்கு முன்னால் ஜெயித்த மிதப்பில் நின்றுகொண்டிருந்த எனக்கு எப்படித் தெரியும்?