காலில் கேட்ட ரயில்

உள்ளங்காலில்தான் எங்களுக்கு ரயில் முதலில் கேட்கும். காதுக்கு வந்து சேர்வதற்குள் பாதி ரயில் போய்விட்டிருக்கும். அப்படியொரு தெரு எங்களுடையது. பெரிய காஞ்சிபுரத்தின் ஓரத்தில், ஒருபுறம் பஸ்ஸும் லாரியும் ஓடும் ரோடு, மறுபுறம் வேலியில்லாத தண்டவாளம், நடுவில் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை வீட்டுக்கு வீடு 'தடக்கு தடக்கு' என்று அடிக்கும் தறிகள். பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்தவேண்டும். வெளியூர் உறவுக்காரர்கள் வந்தால், "உங்க வூட்ல எப்பவும் சண்டைதானா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த இரைச்சலில் ரயில் வருவதை எப்படித்தான் தெரிந்துகொள்வது? நெய்கிறவர்கள் தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்துதான் தறியை மிதிப்பார்கள். ரயில் நெருங்கினால் குழியின் மண் லேசாக நடுங்கும். உடனே அப்பா, கை வேலையை நிறுத்தாமலே, "குழி அதிருது! ரயிலு! புள்ளைங்கள பாரு!" என்று குரல் கொடுப்பார். அடுத்த வீடு அதை வாங்கிக் கத்தும்; எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் அதையே தன் பாஷையில் "பண்டி ஒஸ்தாந்தி!" என்பார்; குரல் தெருக்கோடிக்குப் போனதும், தண்டவாளத்தில் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நாங்கள் சரிவில் இறங்கி நிற்போம். ரயில் எங்கே வருகிறது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. குரல் வந்தால் இறங்கு, வராவிட்டால் ஆடு, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

அமாவாசையன்று தறிகளுக்கு லீவு. ஊருக்கெல்லாம் அது கொண்டாட்டம், எனக்கு மட்டும் விடியும்போதே பயம் பிடித்துக்கொள்ளும். தறிகள் நின்றதும் அத்தனை நாள் வெளியே நின்றிருந்த சத்தமெல்லாம் திபுதிபுவென்று வீட்டுக்குள் நுழைந்துவிடும். ரோட்டில் லாரி கியர் மாற்றினால் சமையலறைச் சுவரை இடித்துக்கொண்டு வருகிறது என்று நடுங்குவேன். எங்கோ ஸ்டேஷனில் எஞ்சின் ஊதினால் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். அப்பா சிரிப்பார். "அது ஸ்டேஷன்ல ஊதுதும்மா. தறி நின்னா எல்லாம் கிட்ட வந்தாப்பல இருக்கும். சரியான பயந்தாங்கொள்ளி!" நானும் நாளாவட்டத்தில், 'கிட்டே இல்லை, கிட்டே இல்லை' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் பழகியிருந்தேன்.

அப்படி ஓர் அமாவாசைப் பகல். அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். நெசவு நாளில் கை வைக்க முடியாத தறிக்குழியைப் பெருக்க அம்மா துடைப்பத்தோடு உள்ளே இறங்கியிருந்தாள். வாசலில் இருந்த எனக்கு, தெருக்கோடியில் தண்டவாளத்தின் நடுவே உட்கார்ந்து ஜல்லியைக் குவித்து விளையாடும் தம்பி சேகர் நன்றாகத் தெரிந்தான். ஊதல் கேட்டது. ஸ்டேஷன் என்று நினைத்தேன். 'கும்'மென்று ஓர் இரைச்சல் எழுந்தது. ரோட்டில் லாரி என்று நினைத்தேன். எதிரே சீட்டாடிக்கொண்டிருந்த ஆண்களுக்கும் அது கேட்டிருக்கும். ஒருவரும் தலை நிமிரவில்லை. குரல் வரவில்லையே, அப்புறம் ரயில் எப்படி வரும்?

"ஐயோ, குழி அதிருதுடீ! ரயிலு! சேகரு எங்கடி?"

அம்மா துடைப்பத்தோடு பாய்ந்து வந்தாள். சீட்டுகளை வீசிவிட்டுத் தெருவே கத்திக்கொண்டு ஓடியது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். வளைவில் எஞ்சினின் கறுப்பு முகம் வந்துவிட்டது. சேகர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. வழக்கமான குரல் காதில் விழுந்ததும், வழக்கம்போல எழுந்து, டவுசரில் மண்ணைத் தட்டி, பாவி, விழுந்த ஒரு கல்லைக் குனிந்து எடுத்துக்கொண்டு, பிறகுதான் சரிவில் இறங்கினான். கூட்ஸ் வண்டி கிளப்பிய காற்றில் அவன் சட்டை படபடத்தது. அம்மா அவனைத் துடைப்பத்தாலேயே விளாசினாள்; அப்புறம் அப்படியே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

அதன்பின் அப்பா என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னதே இல்லை. அடுத்த அமாவாசையிலிருந்து, நெசவு இல்லாவிட்டாலும், தெருவில் யாராவது ஒருவர் முறை வைத்துக் குழிக்குள் காலை விட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்.

இத்தனை வருஷம் கழித்து, சென்ற மாதம், எங்கள் தெருவில் சத்தத்தை அளக்க ஒரு கருவியோடு ஓர் இளைஞர் வந்தார். குழியை மூடி டைல்ஸ் போட்டுப் பல வருஷமாகிறது. தண்டவாளத்துக்கு வேலியும் வந்துவிட்டது. மின்சார ரயில் அரவமில்லாமல் போகிறது. "இப்ப ரொம்பக் கம்மிதாம்மா, பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் அவர். அந்நேரம் ஒரு ரயில் வந்தது. குரல் கொடுக்க யாருமில்லை. அவர் கருவியில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்று, சேகர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். தலை முழுக்க நரைத்த சேகர் என் பக்கத்திலேயே நின்று, "இங்கதான்கா இருக்கேன்" என்றான்.