வேலமரக் கிளையில் வைத்த கல்

பிள்ளைகளா, அன்று உங்களில் மூத்தவள் பிறந்து பதினோராம் நாள். உங்கள் அம்மா தலைக்குக் குளிக்க வெந்நீர் வேண்டும். கார்த்திகை அடைமழையில் வீட்டு விறகெல்லாம் நனைந்துபோய், எவ்வளவு ஊதினாலும் புகைதான் வந்தது.

முந்தின நாள் காற்றில், குளத்துக்கரையில் பட்டுப்போய் நின்ற வேலமரம் சாய்ந்திருந்தது. எங்கள் ரெட்டியார்சத்திரம் பக்கம், விழுந்த மரத்தின் கிளையில் ஒருவர் கல்லை வைத்துவிட்டால் அந்தக் கிளை அவருக்கு. வேறு யாரும் தொடமாட்டார்கள். நானும் சாயங்காலமே ஒரு கல் வைத்துவிட்டு வந்தேன்.

விடிகாலையில் அரிவாளோடு போனேன். பனிமூட்டத்தில் மரம் தண்ணீரில் மிதப்பது போலிருந்தது. பிள்ளை அழுததில் இரவெல்லாம் தூக்கமில்லை. கையில் கல் தட்டுப்பட்ட கிளையை வெட்டிச் சாய்த்தேன். அப்போது பக்கத்துப் பூந்தோட்டத்தில் குடியிருந்த அக்கா பனிக்குள்ளிருந்து வந்தார்.

"ஏலே, அது ஏங் கல்லுடா! ஒன் கல்லு அந்தா, அந்தக் குச்சியில இருக்கு."

நான் அரிவாளைக் கீழே போட்டேன். "தெரியாம வெட்டிட்டேன்க்கா. நீங்களே எடுத்துக்கங்க. பிள்ளை பெத்தவ குளிக்கணும்னு அவசரத்துல வந்தேன்."

"பிள்ளை பொறந்தா அப்பனுக்குக் கண்ணு தெரியாமப் போயிருமா?" என்று அக்கா சிரித்தார். "கொண்டு போ. அந்தக் குச்சிய எனக்கு வெட்டிக் குடு. இன்னைக்குக் கஞ்சிக்கு அது போதும்."

மேலே நனைந்திருந்தாலும் உள்ளே காய்ந்திருந்த வேலங்கட்டை நின்று எரிந்தது. உங்கள் அம்மா குளித்துவிட்டு வந்து, ஆவி பறக்கும் கையால் மூத்தவளைத் தூக்கினாள். பிள்ளை கண் திறக்காமலே கொட்டாவி விட்டது.