ஒரு கப் வெல்லம்

அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வாரமே அப்பா சீனியை வீட்டைவிட்டு நாடு கடத்தினார். டாக்டர் சொன்னதெல்லாம், எடை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிடித்ததைச் சாப்பிடட்டும் என்பதுதான். அப்பாவுக்கோ, இனிப்பு நோயை வளர்க்கும் என்று சித்தப்பா வாட்ஸப்பில் அனுப்பியதுதான் வேதவாக்கு. சீனி, வெல்லம், பேக்கரிப் பலகாரம் எல்லாவற்றுக்கும் தடை. போட்ட சட்டத்தை மாற்றுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அவரே சுண்டலும் கீரைச்சாறுமாகச் செய்து கொடுப்பார். அம்மா இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தாள். எட்டு வயதில் என் பெருங்கவலை எனக்கும் சேர்த்து இனிப்பு நின்றுபோனதுதான். வெட்கமாக இருக்கிறது, என்ன செய்ய.

அடுத்த வீட்டு மலையாளிச் சேச்சி வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். நேந்திரம்பழத்தின் இனிப்பு மட்டுமே உள்ள கேழ்வரகு கேக் ஒன்று உண்டு என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று அவர் சொல்லச் சொல்ல, அப்பா எழுதிக்கொண்டார்.

"பின்னே, ஒரு கப்பு வெள்ளம், கேட்டோ" என்றார் சேச்சி.

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். பள்ளியில் நான் தினமும் கேட்டு வாங்கிக் குடிப்பது. தாளை எட்டிப் பார்த்தேன். அப்பா 'வெல்லம்' என்று எழுதியிருந்தார். சொல்ல வாயைத் திறந்தேன், சட்டென்று மூடிக்கொண்டேன்.

அப்பா சாலைக் கடைவீதிக்குப் போய் வெல்லம் வாங்கி வந்தார். மாவு இறுகியிருக்கிறதே என்று ஒரு கப் தண்ணீரும் ஊற்றினார். ஓவன் சூடான பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அம்மாவின் நோய் வளர்ந்துவிட்டால்?

அம்மா வாசனைக்கே எழுந்து வந்துவிட்டாள். "இதென்ன, இப்படி இனிக்கி?"

"எல்லாம் சேச்சி சொன்ன அளவுதான்" என்றார் அப்பா.

அம்மா இரண்டு துண்டு தின்றுவிட்டு மூன்றாவதுக்குக் கையை நீட்டினாள். அவள் எதையும் கேட்டு வாங்கித் தின்று வாரக்கணக்காகியிருந்தது. நானும் பயந்துகொண்டே மூக்குமுட்டத் தின்றேன்.

சாயங்காலம் வந்த சேச்சி ஒரு வாய் தின்றதும் தலையில் கைவைத்தார். "அய்யோ, ஞான் பறஞ்ஞது பச்சவெள்ளமாணு!" அவர் சொன்னது பச்சைத் தண்ணீரை.

அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "நம்ம மலையாளம் அவ்வளவுதான் சேச்சி. செஞ்சதை வீணாக்க முடியுமா?" அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்தத் தாளை அப்பா திருத்தவே இல்லை. ஞாயிறுதோறும் அதைப் பார்த்தே கேக் செய்தார். அடுத்த முறை எடை பார்த்த டாக்டர், என்ன கொடுக்கிறீர்களோ அதையே கொடுங்கள் என்றார். என் பயமும் போயிற்று. அம்மாவும் தேறினாள்.

மலையாளம் தெரியாத அப்பாவை ஏமாற்றிவிட்டோம் என்ற பெருமை எனக்கு வெகுநாள் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவருக்குத் தம்பானூரில் ஆபீஸ் வேலை. அங்கே காலையிலிருந்து மாலைவரை பேச்செல்லாம் மலையாளம்தான். தாகம் எடுத்தால் அங்கே அவர் என்ன சொல்லித் தண்ணீர் கேட்பார் என்று எனக்கு அன்று யோசிக்கவே தோன்றவில்லை.